அது பரீட்சைக்கு, இது பந்துக்கு

குற்றாலிங்கம் வினாத்தாளை இடது கையில் பிடித்திருக்கிறான். வலது கை மேசைமேல் தனியாகக் கிடக்கிறது, கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டுவரை பழுப்பு நிறப் பட்டை சுற்றி, பேருந்தில் யாரோ விட்டுவிட்டுப் போன பொட்டலம் மாதிரி. அவன் பக்கத்தில் முகைதீன், பேனா மூடியைக் கழற்றி, முதல் பக்கத்தில் ஓரக்கோடு போட்டு முடித்து, அண்ணன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பத்து ஐந்து. ஒரு மணிக்கு முடியும். சொல்லச் சொல்ல எழுத ஆள் வைத்துத் தேர்வெழுதுகிறவனுக்குத் தனி அறை தர வேண்டும் என்பது விதி, அதனால் இந்த வரைபட அறை, அதனால் சுவரெல்லாம் நிறம் போன ராஜ்ஜியங்கள், அதனால் மூன்று பேருக்கு ஒரு மின்விசிறி. என் துறைத் தாளுக்கு நானே மேற்பார்வைக்கு உட்காரக் கூடாது என்பதும் விதிதான், ஆனால் ஆளில்லை, இந்தக் கல்லூரியில் எந்த விதியும் ஆளில்லை என்ற ஒரு சொல்லில் முடிந்துவிடும். என் சட்டைப் பையில் நாலாக மடித்த படிவம் ஒன்று இருக்கிறது. குனிந்தால் முனை நெஞ்சில் குத்துகிறது. குற்றாலிங்கத்தின் வலது கட்டைவிரலில் தசைநார் கிழிந்திருக்கிறது, ஆறு வாரம் எழுதவோ எடை தூக்கவோ கூடாது என்று எலும்பு மருத்துவர் கொடுத்த சான்றிதழை வைத்துத்தான் தேர்வு அலுவலகம் முகைதீனை எழுத விட்டிருக்கிறது. அதில் நேற்று நான் கையெழுத்துப் போட்டேன். பையில் இருப்பது இன்னொன்று. அதே மருத்துவர், அதே முத்திரை, அதே தேதி. மேற்படி குற்றாலிங்கம் முழு உடல்தகுதியுடன் இருக்கிறார், இன்று மாலை நாகர்கோவிலில் நடக்கும் கல்லூரிகளுக்கு இடையிலான வாலிபால் இறுதிப் போட்டியில் ஆடலாம். மருத்துவர் போட்டாயிற்று, முதல்வர் போட்டாயிற்று, துறைத்தலைவர் என்று அச்சடித்த கோட்டின்மேல் மட்டும் ஒன்றுமில்லை. துறைத்தலைவர் நான்.

இரண்டையும் ஒரே கோப்பில் வைத்து ஒரே மூச்சில் நீட்டினார் தேவசகாயம், எங்கள் உடற்கல்வி இயக்குநர், பையன்களுக்குப் பி.டி. சார். நான் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டையும் படித்தேன். சார், இது விரல் கிழிஞ்சிருக்குன்னு சொல்லுது, இது கிழியலேன்னு சொல்லுது, என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், மாட்டிக்கொண்டவர் சிரிக்கிற சிரிப்பையாவது. இல்லை. சின்னப் பிள்ளைக்குப் புரியவைக்கிற பொறுமையோடு, அது பரீட்சைக்கு சார், இது பந்துக்கு, என்றார். அந்தப் பதிலில் ஓட்டையே இல்லை. நேற்று மாலையிலிருந்து அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், எங்கேயாவது விரலை விட்டுப் பிரித்துவிட முடியுமா என்று, முடியவில்லை. நீங்க வெளியூர்ல இருந்துட்டு வந்தவிய, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் படிக்கிய, இங்க யாரும் அப்பிடிப் படிக்க மாட்டாவ சார், என்று வேறு சொன்னார். நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அல்லது போட்டுத் தொலைத்திருக்க வேண்டும். இரண்டும் செய்யாமல், நாளைக்குப் பார்ப்போம் என்று மடித்துப் பையில் வைத்தேன், எனக்கு நாற்பத்தெட்டு வயதாகிறது, இந்த வயதில் ஒரு மனிதனுக்கு இருக்கிற ஒரே திறமை மடித்துப் பையில் வைப்பதாக இருந்தால் என்ன செய்வது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் தட்டுகிறது. தட்டுகிற இடம் எது என்று பார்க்க நிமிர்ந்தால் கண் சுற்றுகிறது. குற்றாலிங்கம் தொண்டையைச் செருமுகிறான். பாளையக்காரர் முறைன்னா என்னன்னா, எழுவத்திரெண்டு பாளையம். எழுதிட்டியால? எழுதுதேண்ணே. மதுரைக் கோட்டையில ஆளுக்கொரு கொத்தளம். வரி பிரிப்பாங்க. படை வச்சிருப்பாங்க. கூப்பிட்டா வரணும். அவ்வளவுதான். அண்ணே, இது பதினஞ்சு மார்க்குக் கேள்வி. சரி, அதுக்கு? இது பத்தாதுண்ணே. நா சொல்லுதத மட்டும் எழுதுல, சார் இருக்காங்கல்லா.

சார் இருக்கிறார். சார் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். வெளியே ஆடுகளம் தெரிகிறது, வலை கட்டாத இரண்டு கம்பங்கள், வெயில். ஏழு வருடமாகக் குற்றாலிங்கம் அந்த இரண்டு கம்பத்துக்கு நடுவில் நிற்கிறான். பி.ஏ. பொருளியல் மூன்று வருடம், எம்.ஏ. பொது நிர்வாகம் இரண்டு வருடம், இப்போது என்னிடம் எம்.ஏ. வரலாறு இரண்டாம் வருடம். படிக்க அல்ல, ஆட. பல்கலைக்கழக ஆட்டத்துக்கு ஏதாவது ஒரு வகுப்பில் பெயர் இருக்க வேண்டும், பெயர் இருப்பதற்காக ஒரு பட்டத்திலிருந்து இன்னொரு பட்டத்துக்கு அவனை நகர்த்திக்கொண்டே வந்திருக்கிறார்கள், இந்த வருடத்தோடு வயது வரம்பும் முடிகிறது. வாலிபாலில் ஒரு பக்கத்துக்கு மூன்று தொடுகை. முதலாவது எடுக்கிறவன் யாராகவும் இருக்கலாம், மூன்றாவது அடிக்கிறவனும் யாராகவும் இருக்கலாம், நடுவில் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற இரண்டாவது கை மட்டும் எப்போதும் ஒருவனுடையது, செட்டர் என்பார்கள், எங்கள் கல்லூரிக்கு அது குற்றாலிங்கம். ஒவ்வொரு பந்தும் அவன் வழியாகத்தான் போக வேண்டும். போயிருக்கிறது. வரலாற்றுக்காரன் புத்தியில் ஆட்சிக்காலங்களாகத்தான் நினைவு வருகிறது: முதல் வருடம் கணுக்கால், மூன்றாவது வருடம் இடது முழங்கால், நான்காவதில் அதே முழங்கால், ஐந்தாவதில் தோள், போன வருடம் மறுபடி முழங்கால், இந்த வருடம், மூன்று நாளைக்கு முன்னால் அரையிறுதியில், கட்டைவிரல். ஒவ்வொரு முறையும் அவன் உடம்பு ஒரு இடத்தில் கைவிரிக்கும், ஒவ்வொரு முறையும் இவர்கள் காத்திருப்பார்கள், பட்டை சுற்றுவார்கள், வலி மரக்கத் தெளிப்பானை அடிப்பார்கள், உள்ளே தள்ளுவார்கள். இந்த அறையே அந்தத் தெளிப்பானின் வாசம்தான், கற்பூரமும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி, வாய்க்குள் வரைக்கும் வருகிறது. ஒரு ஆளின்மேல் இத்தனை பேர் இத்தனை வருடம் சாய்ந்தால் எந்த எலும்புதான் தாங்கும், சாய்கிறவர்களுக்கு ஒரு நாளாவது தோன்ற வேண்டாமா.

பேனா ஓடுகிற சத்தம். குற்றாலிங்கம் பேசி ஒரு நிமிடம் ஆகிறது, பேனா இன்னும் ஓடுகிறது. திரும்பிப் பார்க்கிறேன். முகைதீன் பக்கத்தைப் புரட்டுகிறான். அண்ணன் சொன்னது மூன்று வரி, இவன் எழுதியிருப்பது ஒன்றரைப் பக்கம். எழுந்து மெதுவாக அவர்கள் பின்னால் நடக்கிறேன், சுவரில் எதையோ பார்க்கிற பாவனையில். கூப்பிட்டா வரணும் என்று அவன் சொன்னது, நாயக்க மன்னர் போர் அறிவிக்கும்போது ஒவ்வொரு பாளையக்காரரும் தமக்கு விதிக்கப்பட்ட எண்ணிக்கையில் வீரர்களுடன் வந்து சேர வேண்டும், தவறினால் பாளையம் பறிபோகும், என்று வளர்ந்து கிடக்கிறது. அழகான கையெழுத்து, சாய்வில்லாமல், கடைசி வரி வரை ஒரே உயரம். இவன் பி.காம். இரண்டாம் வருடம். எழுதுகிறவன் வேறு பாடம் படிப்பவனாக இருக்க வேண்டும், கீழ் வகுப்பாக இருக்க வேண்டும், சொன்னதைத் தவிர ஒரு எழுத்தும் கூட்டக் கூடாது. நான் இப்போது இதை நிறுத்த வேண்டும். தாளை வாங்கிக் குறுக்கே கோடு போட்டு, முறைகேடு என்று எழுதி, இரண்டு பேரையும் முதல்வர் அறைக்கு அனுப்ப வேண்டும். முந்தாநாள் துறை நூலகப் பதிவேட்டில் முகைதீன் என்று ஒரு பெயர் பார்த்தேன், தென்னிந்திய வரலாறு, இரண்டாம் பாகம், வணிகவியல் மாணவனுக்கு இது எதற்கு என்று நினைத்தேன், அதோடு விட்டேன். ராத்திரியெல்லாம் படித்திருக்கிறான். யாரும் படிக்கச் சொல்லவில்லை. கோணலாக வருகிற பந்தை எடுத்து அடிக்கத் தோதாக நிமிர்த்திக் கொடுக்கிறான், சார்மேல் ஒரு கண், அண்ணன் வாய்மேல் ஒரு கண். நான் திரும்பிப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறேன். பதினொன்று பத்து.

முகைதீன்தான் இரண்டாவது செட்டர். இரண்டு வருடமாக இரண்டாவது. இரண்டாவது என்பதற்கு இங்கே அர்த்தம் பந்துகளைப் பையில் போட்டுக் கட்டுவது. ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது களத்து ஓரமாகப் போனேன், குற்றாலிங்கம் முழங்காலில் ஐஸ் கட்டி வைத்து உட்கார்ந்திருந்தான், சரி இன்றைக்காவது இந்தப் பையன் தூக்கிக் கொடுப்பான் என்று நின்றேன். அருள்ராஜ் என்று ஒரு நெட்டையன், எங்கள் அணியில் அடிக்கிறவர்களில் அவன்தான் பெரிய ஆள், ஏல தள்ளி நில்லுல, உம் பந்து எனக்குக் கைக்கே வராது, அண்ணன் வரட்டும், என்று இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான். மற்றவர்களும் நின்றார்கள். பி.டி. சார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். குற்றாலிங்கம் ஐஸை ஓரமாக வைத்துவிட்டு நொண்டிக்கொண்டே எழுந்து போனான். போட்டியில் வேண்டாம், பயிற்சியிலாவது, சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமையாவது. முகைதீன் வேதியியல் கூடத்துப் பின்சுவருக்குப் போய்விட்டான். அந்தச் சுவரில், தலைக்கு மேலே ஐந்தடியில், சட்டி அளவு ஒரு கறுப்பு வட்டம் இருக்கிறது, சுண்ணாம்பு தேய்ந்து செங்கல் தெரிகிற அளவுக்கு. அத்தனை பந்தும் அந்த ஒரே வட்டத்தில். சுவர் குறை சொல்லாது. போன வருடம் மாவட்டக் கோப்பை ஆட்டத்தில் முழங்கால் போனபோது நாலே நாலு புள்ளிக்கு அவனை உள்ளே விட்டார்கள் என்று கேள்வி. நாலு பந்தும் சரியாகத்தான் போனதாம், அடிக்கிறவன் ஒவ்வொருவனும் குற்றாலிங்கத்தின் கைக்குப் பழகிய நேரத்தில் குதித்து வெறுங்காற்றை அடித்துவிட்டு இவனை முறைத்தானாம். பி.டி. சார் உடனே மாற்றி, நொண்டுகிறவனையே திரும்ப விட்டார். ஜெயித்துவிட்டார்கள். தோற்றிருந்தால் பிழைத்திருப்பார்கள், அந்த ஜெயம்தான் கெடுத்தது, பாத்தியளா சார், அவன் ஒத்தக் கால்ல நின்னாக்கூடப் போதும், என்று கோப்பையை வைத்துக்கொண்டு ஆசிரியர் அறையில் பி.டி. சார் லட்டு கொடுத்தார். நானும் ஒன்று தின்றேன்.

நான் பதினான்கு வருடம் இருந்த அமெரிக்க ஊர் சோளக்காட்டுக்கு நடுவில் ஒரு பல்கலைக்கழகம், அவ்வளவுதான் ஊர். கால்பந்து என்று அவர்கள் சொல்வது கையால் எறிகிற விளையாட்டு. எறிகிறவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர், அவன் கையிலிருந்துதான் எல்லாம் கிளம்பும். அந்த ஊர் அணியில் எறிகிறவன் ஆறாவது வருடமாக ஆடிக்கொண்டிருந்தான். அங்கேயும் வழி இருந்தது, அடிபட்டு உட்கார்ந்த வருடத்தைக் கழித்துவிட்டு இன்னொரு வருடம் கொடுப்பார்கள். சனிக்கிழமை அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் திங்கட்கிழமை ரொட்டிக் கடைக்காரி முகம் கொடுத்துப் பேச மாட்டாள். எழுபதாயிரம் பேர் ஒரு முழங்காலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதை நான் மேல் வரிசையில் குளிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அப்போது எனக்குள் ஒரு சிரிப்பு, படித்தவனின் சிரிப்பு, இவர்களுக்கு வேறு வேலை இல்லை என்று. பக்கத்தில் இருந்த சக ஆசிரியரிடம் சொல்லவும் சொன்னேன், மாற்று ஆளை ஏன் தயார் செய்வதில்லை என்று. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இழவு வீட்டில் பந்தியைப் பற்றிக் கேட்டவனைப் பார்ப்பதுபோல. அந்தச் சிரிப்பை அப்படியே பெட்டியில் வைத்துக்கொண்டுதான் திரும்பி வந்தேன். மனைவி அங்கேயே இருந்துவிட்டாள், அது வேறு கதை, இங்கே வேண்டாம், குற்றாலிங்கம் என்ன சொல்கிறான், ஜமீன்தாரி முறையின் குறைபாடுகள், ஒண்ணு, வெவசாயிட்ட யாரும் கேக்கல. ரெண்டு. ரெண்டு என்னதுல? நீங்கதாண்ணே சொல்லணும். ரெண்டும் அதேதான்னு போடு. முகைதீன் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறான், தோள் குலுங்குகிறது, ஆனால் பேனா நிற்கவில்லை. அமைதி, என்கிறேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருக்கிறது.

சரி, அதையும் நினைத்துவிடலாம். நினைக்காமல் இருப்பதற்காகத்தான் சோளக்காட்டுக்கெல்லாம் போய் வந்தேன். முதுகலை வகுப்பு நடத்தப் பத்துப் பேர் வேண்டும். நான் துறைத்தலைவர் ஆன வருடம் ஒன்பது பேர் சேர்ந்திருந்தார்கள், சேர்க்கை முடிய நாலு நாள் இருந்தது, பத்தாவது ஆள் கிடைக்காவிட்டால் எம்.ஏ. வரலாறை மூடுவோம் என்று முதல்வர் சொல்லிவிட்டார், நான் கடல் தாண்டி வந்து பதவி ஏற்று மூடிய முதல் வகுப்பு என்று ஆகியிருக்கும். தேவசகாயத்தை நான்தான் கூப்பிட்டேன். அவர் என்னைத் தேடி வரவில்லை, நான்தான், என் போனிலிருந்து, சார் உங்க பசங்கள்ல டிகிரி முடிச்சவன் யாராவது இருக்கானா. இருக்கான் சார், ஆனா கோயம்புத்தூர்ல ஒரு மில் டீமுக்குப் போறேன்னு நிக்கான், தற்காலிக வேலதான், நா பேசிப் பாக்கேன், என்றார். பேசியிருக்கிறார். மறுநாள் காலை குற்றாலிங்கம் விண்ணப்பத்தோடு என் மேசை முன்னால் நின்றான், அப்போது இரண்டு கையும் நன்றாக இருந்தது, நான் வாப்பா வாப்பா என்றேன், அப்படி ஒரு வரவேற்பு அதற்கு முன்பும் பின்பும் எந்த மாணவனுக்கும் நான் கொடுத்ததில்லை. அவன் வகுப்புக்கு எத்தனை நாள் வந்தான் என்று நான் பார்க்கவில்லை. வருகைப் பதிவில் குறை வராமல் மட்டும் பார்த்துக்கொண்டேன். ஆக இந்தப் பையன்மேல் சாய்ந்தவர்கள் பட்டியல் எழுதினால் பி.டி. சார் இரண்டாவதுதான். மில்லுக்குப் போயிருந்தால் இந்நேரம். போயிருந்தால் என்ன என்று யாருக்குத் தெரியும், முழங்கால் அங்கேயும் போயிருக்கும். இல்லை, இது வழக்கறிஞர் பேச்சு. அடுத்த மாதம் இருபதாம் தேதி அவனுக்கு ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில் தேர்வு இருக்கிறது. அவன் வயதுக்கு இதுதான் கடைசி. இன்றிலிருந்து ஐந்து வாரத்துக்குக் கொஞ்சம் மேலே. இன்றே விரலை மடக்கி வைத்து உட்கார்ந்தால் ஒருவேளை. இன்றைக்கு ஐந்து செட் ஆடினால் ஒருவேளை என்பதும் இல்லை, தசைநார் முழுதாக அறுந்துவிடும் என்று மருத்துவர் வாயால் சொன்னதைத் தேவசகாயமே என்னிடம் சொன்னார், சொல்லிவிட்டுத்தான் இரண்டாவது படிவத்தை நீட்டினார். மனிதர்கள் எப்படி ஒரே வாயால் இரண்டையும். என்ன மனிதர்கள், நான்தான், என் பையில்தான் இருக்கிறது.

பன்னிரண்டு நாற்பது. முகைதீன் நாற்பது பக்கத் தாளின் கடைசிப் பக்கங்களுக்கு வந்துவிட்டான். இவர்களுக்கு விதிப்படி இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு, வேன் ஒன்றரைக்குக் கிளம்புவதால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். குற்றாலிங்கம் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் சன்னலைப் பார்க்கிறான், அதே கம்பங்களை. பிறகு உதடு அசையாமல், வலைக்குப் பக்கத்தில் பேசிப் பழகிய குரலில், கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பேசுகிறான். பயமா இருக்கால? எதுக்குண்ணே? சாயங்காலத்துக்கு. நீங்கதான ஆடுதீங்க. சார் இன்னும் கையெழுத்துப் போடலைலா. முகைதீன் எழுதுவதை நிறுத்தாமல் சொல்கிறான், போட்டுருவாங்கண்ணே. அவ்வளவுதான். கேலியில்லை, கோபமில்லை, நாளைக்கு வெயிலடிக்கும் என்று சொல்கிற மாதிரி. போட்டுருவாங்க. நான் கேட்காதது போல மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்க்கிறேன். போட்டுருவாங்க. இந்தக் கல்லூரியில் இருபது வயதுப் பையன் ஒருவன் என்னைப் பற்றி அறிந்துவைத்திருப்பது இது. நான் ஆய்வேட்டில் எழுதிய நானூறு பக்கம் தெரியாது, இரண்டு மொழியில் கனவு காண்பது தெரியாது, அதெல்லாம் அவனுக்கு எதற்கு, அவனுக்குத் தெரிய வேண்டியது தெரிந்திருக்கிறது, இந்த ஆள் யோசிப்பார், கண்ணாடி மாற்றுவார், மடித்து வைப்பார், கடைசியில் போட்டுருவார். அங்கே பல்கலைக்கழகத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்ற கடிதத்திலும் போட்டேன். விவாகரத்துத் தாளில் போட்டேன். எம்.ஏ. வரலாறு, சேர்க்கை எண் பத்து, போட்டேன். ஒரு முறையாவது போடாமல் இருந்திருக்கிறேனா என்று தேடுகிறேன், பின்னால் போய்ப் போய்த் தேடுகிறேன், பள்ளிக்கூடம் வரைக்கும். மின்விசிறி தட்டுகிறது. மணி அடிக்கிறது.

முகைதீன் தாளைக் கட்டிக் கொடுக்கிறான். அதற்குள் கதவில் தேவசகாயம், விசில் கழுத்தில், வியர்வை, வெளியே வேன் ஓட்டுநர் ஆரன் அடிக்கிறார். சார், அந்தப் படிவம், நீங்க போட்டுட்டா கெளம்பிருவோம், வழியில சாப்பாடு. நான் படிவத்தை எடுத்துப் பிரித்து மேசைமேல் வைக்கிறேன். மடிப்பில் வியர்வை பட்டு முத்திரை கொஞ்சம் கலங்கியிருக்கிறது. போடலை சார், என்கிறேன். அவருக்குக் காதில் விழவில்லை, பேனாவை நீட்டுகிறார். போட மாட்டேன் சார். இப்போது விழுகிறது. என்ன சார் இது, கடைசி நேரத்துல, நேத்தே சொல்லியிருக்கலாம்லா. சொல்லியிருக்கலாம். இருவது வருஷத்துல மொத தடவ இந்த ஃபைனல் சார், யோசிச்சுப் பாருங்க. யோசிச்சுட்டேன். அப்போ யாரு தூக்கிக் குடுப்பா, நீங்களா? அவர் கத்தவில்லை, அழுதுவிடுவார் போல இருக்கிறது, இந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் வரமாட்டேன் என்கிறது, வந்தால் வசதியாக இருக்கும். குற்றாலிங்கம் எழுந்து நிற்கிறான். என்னைவிட ஒரு முழம் உயரம், இத்தனை கிட்டத்தில் இதுவரை பார்த்ததில்லை. சார், அன்னைக்கு மில்லுக்குப் போறேன்னு நின்னேன், வான்னிய. இன்னைக்கு ஆடப் போறேன்னு நிக்கேன், போகாதங்கிய. ரெண்டு தடவயும் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. நான் தலையை ஆட்டுகிறேன், மறுப்பதற்கு என்ன இருக்கிறது. இப்ப கேக்கேன் குற்றாலிங்கம். ஆட முடியுமா? அவன் பி.டி. சாரைப் பார்க்கவில்லை. வலது கையைப் பார்க்கிறான், பட்டைக்குள் விரலை ஒரு தடவை அசைத்துப் பார்க்கிறான், முகம் இறுகுகிறது. மொத செட்டு தாங்கும் சார். அப்புறம்? அப்புறம் வலி தெரியாது. அதைச் சொல்லிவிட்டுத் தான் சொன்னதைத் தானே கேட்டவன் போல அப்படியே நிற்கிறான். இருவதாம் தேதி இருக்கு, என்கிறான், யாரிடமும் இல்லாமல்.

முகைதீன் ஆடட்டும், என்கிறேன். அறையில் இருக்கிற மற்ற மூன்று பேரும் அந்தப் பெயர்க்காரனைப் பார்க்கிறோம், மூன்று மணி நேரம் இங்கேயே இருந்தவனை. அவன் வலது கை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. கையக் காட்டுல, என்கிறார் தேவசகாயம். அவன் தயங்குகிறான். காட்டுகிறான். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் இன்னும் பேனாவைப் பிடித்த வாக்கிலேயே வளைந்து நிற்கின்றன, நடுவிரலில் பேனா பதிந்த பள்ளம் சிவந்து மைக்கறையோடு, விரிக்கப் பார்க்கிறான், பாதிதான் வருகிறது. தேவசகாயம் அந்தக் கையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார். மெதுவாகப் பெஞ்சில் உட்கார்கிறார். இருந்தது ரெண்டு கை சார், என்கிறார், ரெண்டையும் பரீட்சைக்கு உக்கார வச்சிருக்கோம். எழுத ஆள் வேண்டும் என்றதும் கைக்கு அகப்பட்டவனை அவர் அனுப்பினார், நான் விதியைப் படித்துப் பார்த்து, வேறு பாடம், கீழ் வகுப்பு, சரி என்று ஒப்புக்கொண்டேன், அந்தப் பையனுக்கும் இன்று மாலை ஒரு கை வேண்டியிருக்கலாம் என்று உலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆரன் மறுபடி. குற்றாலிங்கம்தான் முதலில் நகர்கிறான். முகைதீனின் மணிக்கட்டை இடது கையால் பிடித்து, வா, ஒன்றரை மணி நேர ஓட்டம் இருக்கு, என்று இழுத்துக்கொண்டு போகிறான். தேவசகாயம் படிவத்தை எடுக்கவில்லை. தாள் கட்டைத் தேர்வு அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு நான் வேனுக்கு ஓடுகிறேன், ஓட்டுநருக்குப் பின்னால் ஒரு இருக்கை, இந்தக் கல்லூரிக்கு வந்த நாலு வருடத்தில் ஒரு ஆட்டத்துக்கும் நான் போனதில்லை, யாரும் ஏறுங்கள் என்று சொல்லவில்லை, இறங்குங்கள் என்றும் சொல்லவில்லை. அருள்ராஜ் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வேன் பாலத்தில் ஏறுகிறது. முன் இருக்கையில் குற்றாலிங்கம் முகைதீனின் கையைத் தன் தொடையில் போட்டு, இருக்கிற ஒரு கையால் அந்த விரல்களை அடியிலிருந்து நுனிவரை நீவி நீவி இழுக்கிறான், நல்ல வலி போல, பையன் பல்லைக் கடிக்கிறான். நா சொன்னதெல்லாம் சேத்தா நாலு பக்கம் வருமால, என்கிறான் குற்றாலிங்கம், எரிச்சலாக. முப்பத்தெட்டுப் பக்கம் யாரு ஒன்ன எழுதச் சொன்னது? வெள்ளப் பேப்பராக் கெடந்துச்சுண்ணே, என்கிறான் முகைதீன், அப்பிடியே விட்டுட்டு வர மனசு வரல. குற்றாலிங்கம் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் வெறுமனே பிடித்திருக்கிறான். பிறகு அடுத்த விரலை எடுத்துக்கொள்கிறான்.